மலைப்பாதையில் நின்றுபோன வண்டியை எப்படி இழுப்பது?

கயிறு கட்டினால் வண்டியை இழுக்க முடியும், பிடித்து நிறுத்த முடியாது. இதை மறந்துவிடுவதால்தான் இறக்கத்தில் இரண்டு வண்டியும் சேர்ந்து அடிபடுகின்றன. தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாறு பக்கம் பாலக்காட்டுக் கணவாய் கிட்டத்தட்ட சமதளம். அங்கே நின்றுபோன காரைக் கயிறு கட்டி நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விடலாம். புளியரை எஸ் வளைவு, லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதை, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் இங்கெல்லாம் அந்த வேலை கூடாது. இறக்கம் வந்ததும் கயிறு தொய்யும், பின்னால் வரும் வண்டி முன்வண்டியின் டிக்கியில் போய் இடிக்கும். மலையில் கயிற்றுக்கு ஒரே வேலைதான்: வளைவில் மாட்டிய வண்டியை அகலமான ஓரத்துக்கு நகர்த்துவது. அதற்குமேல் ஃப்ளாட்பெட் ரெக்கவரி வண்டிதான், அதாவது காரையே முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி.

நின்றவுடன் ஹசார்டு லைட், ஹேண்ட் பிரேக், டயருக்குக் கல். ஏற்றம் பார்த்து நிற்கிறது என்றால் கல்லைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வையுங்கள். இறக்கம் பார்த்து நின்றால் முன்சக்கரத்துக்கு முன்னால். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவர் கண்ணில் முன்கூட்டியே படும்படி வைக்க வேண்டும். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். சபரிமலை சீசனில் ராத்திரி வரும் பைக்காரனுக்கு நீங்கள் விட்டுப்போன அந்தக் கல்தான் எமன்.

இழுக்கும் முன் கியர்பாக்ஸ் என்ன வகை என்று பாருங்கள். சாதா மேனுவல் வண்டியை நியூட்ரலில் போட்டு, மெதுவாக, கொஞ்ச தூரம் இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் நின்றுவிட்டால் சக்கரம் மட்டும் சுழலும், ஆயில் போகாது, கியர்பாக்ஸ் வெந்துபோகும். சிவிடி, டிசிடி என்ற ஆட்டோமேட்டிக் வகைகள் எதையும் டிரைவ் சக்கரம் (எஞ்சின் சுழற்றும் சக்கரம்) தரையில் உருள இழுக்காதீர்கள். ஏஎம்டி (மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை) வண்டி கியரில் விழுந்த நிலையில் பேட்டரி இறங்கிவிட்டால் நியூட்ரலே வராது, அதையும் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். மின்சாரக் கார், ஹைப்ரிட் என்றால் பேச்சே இல்லை, நாலு சக்கரமும் மேலே ஏற வேண்டும். சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கரண்டை உண்டாக்கும். ஃபோர் வீல் டிரைவுக்கும் நாலு சக்கரமும் மேலேதான்.

கொக்கியில் தூக்கும் ரெக்கவரி வண்டி வந்தால், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்சக்கர டிரைவ் கார்களை முன்பக்கம் தூக்கச் சொல்லுங்கள். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவை பின்சக்கர டிரைவ். இவற்றை முன்பக்கம் தூக்கி நெடுந்தூரம் கொண்டுபோவதானால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கழற்றுவது நல்லது. கழற்றும் முன் ஃபிளாஞ்சின் (ஷாஃப்ட் போல்ட்டால் சேரும் தட்டு) இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கோடு மாறினால் வண்டி ஓட்டத்தில் அதிரும். ஷாஃப்ட் கழன்ற வண்டியைக் கியர் பிடிக்காது, அதனால் டயருக்குக் கல் வைக்காமல் அடியில் போகவே கூடாது.

கொக்கி எங்கே மாட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். பம்பர், ரேடியேட்டர் சட்டம், டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி), ஸ்டெபிலைசர் கம்பி, சஸ்பென்ஷன் ஆர்ம் எதிலும் கட்டக்கூடாது. டை ராட் கொஞ்சம் வளைந்தால் போதும், வீல் அலைன்மென்ட் போய், புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். டிக்கியில் ஜாக்கியோடு இழுவைக் கொக்கி ஒன்று இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அதைத் திருக வேண்டும். சில ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் இடதுபுறம் திருகினால்தான் இறுகும். கையால் கடைசிவரை திருகிய பின், வளையத்துக்குள் வீல் ஸ்பேனரை நுழைத்து ஒரு அழுத்து அழுத்துங்கள். பாதி மரையில் நிற்கும் கொக்கி இழுத்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

கயிறு விஷயத்தில், சரக்கு கட்டும் பழைய நைலான் கயிறும் இரும்பு வடமும் வேண்டாம். வடம் நீளாது, ஒவ்வொரு குலுக்கலும் நேராகச் சேஸிஸில் இறங்கும். அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். தையல் போட்ட பட்டை பெல்ட் வாங்கி வையுங்கள். சின்னக் காருக்கு 3 டன், இரண்டு டன் எடை வரும் வண்டிக்கு 5 டன் தாங்கும் பெல்ட். அதில் முடிச்சுப் போட்டால் பலம் பாதியாகக் குறையலாம் என்பதால் டி ஷாக்கிளில் (டி வடிவ இரும்பு வளையம்) மாட்டுங்கள். நடுவில் ஒரு கம்பளியோ கோணியோ போட்டால், அறுந்தாலும் வீச்சு அடங்கும். கயிறு இறுகியிருக்கும் நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

சாலை விதிப்படி இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பின்வண்டியின் பின்புறம் வெள்ளைப் பின்னணியில் குறைந்தது 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் ‘ஆன் டோ’ என்று இருக்க வேண்டும். பின்வண்டி ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும்.

முன்வண்டி பின்வண்டியைவிடக் கனமாக இருக்கட்டும். முதல் கியரில் ஊர்ந்து, கயிறு விறைக்கும்வரை போய், பிறகு கிளட்சை விடுங்கள். பின்வண்டியில் சாவி ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். ஆகவே பின்வண்டிக்காரர்தான் முதலில் லேசாகப் பிரேக்கை மிதித்துக் கயிற்றை விறைப்பாகவே வைத்திருக்க வேண்டும். இதில் தவறினால் கயிறு தொய்ந்து வெடுக்கென்று இழுக்கும், அந்த வெடுக்கில்தான் கொக்கி பிய்கிறது. போனில் ஒருவருக்கொருவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே போவது ஹாரனைவிட நம்பகம்.

ஏர் பிரேக் லாரியைக் கயிற்றில் இழுக்க நினைக்க வேண்டாம். டாங்கில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அப்படியே இழுத்தால் டயர் தேய்ந்து புகையும். இழுக்கும் வண்டியிலிருந்து ஹோஸ் போட்டு ஏர் கொடுக்க வேண்டும். அது முடியாவிட்டால், டயருக்குக் கட்டை வைத்த பின் பிரேக் சேம்பர் போல்ட்டைத் திருகிப் பிரேக்கை விடுவிக்க வேண்டும். இழுக்க இரும்பு பார்தான், ஷாஃப்டும் கழன்றிருக்க வேண்டும்.

பைக்கைக் கயிற்றில் கட்டாதீர்கள், பின்னால் இன்னொரு பைக்கில் வந்து காலால் தள்ளுவதும் மலையில் வேண்டாம். ஒரு குட்டியானையில் ஏற்றிவிடுங்கள்.

ஃப்ளாட்பெட் வந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வான கார் என்றால் சாய்வில் பம்பர் தட்டாமல் சக்கரத்துக்கு அடியில் பலகை போடச் சொல்லுங்கள். பெல்ட்டை டயர்மேல் போட்டு இறுக்குவதே சரி. வாடகையை எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, திரும்பும் கிலோமீட்டரும் டோலும் சேர்த்தா என்று ஏற்றும் முன் பேசி முடியுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, அவசரம் என்றால் 112.