அன்றைக்கே பூ போய்ச் சேர வேண்டுமா? பூக்கடைக்கு நேரே போன் போடுங்கள்

வெளிநாட்டில் வசிக்கும் நீங்கள், பிரசவ வார்டில் இருக்கும் தோழிக்கோ, துக்கம் நேர்ந்த சக ஊழியர் வீட்டுக்கோ இன்றைக்கே பூ அனுப்ப வேண்டும் என்று இணையத்தில் தேடினால், முதலில் வந்து நிற்பவற்றில் பல பூக்கடைகளே அல்ல. ஆர்டரை வாங்கிக் கமிஷனை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடை ஒன்றிடம் தள்ளிவிடும் இடைத்தரகர்கள். மிச்சப் பணத்துக்குத்தான் அந்தக் கடை பூ வைக்கும். படத்தில் கொழுகொழுவென்று இருந்த கொத்து நேரில் மெலிந்து வருவது இதனால்தான்.

கடைக்குக் கடை ஆர்டர் அனுப்பும் ஏற்பாடு புதிதல்ல; அமெரிக்காவில் 1910-லேயே தந்தி வழியாகத் தொடங்கியது. வெகுதூரத்து ஊருக்கு அனுப்ப அது உதவும். நீங்கள் இருக்கும் ஊருக்குள்ளேயே அனுப்ப நடுவில் ஆள் எதற்கு?

பூ சேர வேண்டிய முகவரியை கூகுள் மேப்ஸில் போட்டு, அதைச் சுற்றியுள்ள கடைகளைப் பாருங்கள். கடை முகப்பின் படம் இருக்கிறதா, அவர்கள் கட்டிய கொத்துகளின் படம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஊர்ப் பெயரைத் தளத்தின் பெயராக வைத்துக்கொண்டு கடை முகவரியை எங்கேயும் காட்டாதவர்களை விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் போனிலேயே கேளுங்கள்: “கொத்தை நீங்களே கட்டுவீர்களா, வேறு கடைக்கு அனுப்புவீர்களா?”

அன்றைய டெலிவரிக்கு ஆர்டர் வாங்குவதைப் பெரும்பாலும் நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே நிறுத்திவிடுவார்கள். அது பூ போய்ச் சேரும் ஊரின் நேரம் என்பதை மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. வண்டி ஒரே சுற்றில் பல வீடுகளுக்குப் போவதால் “சரியாக மூன்று மணிக்கு” என்று கேட்டால் கிடைக்காது. “ஐந்துக்குள்” என்றால் ஒப்புக்கொள்வார்கள். பிப்ரவரி 14, அன்னையர் தினம் இரண்டுக்கும் சில நாள் முன்பே சொல்லிவையுங்கள். அன்னையர் தினம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் மே மாத இரண்டாம் ஞாயிறு. பிரிட்டனில் அதற்கு முன்பே, பெரும்பாலும் மார்ச்சில், வந்துவிடும்.

இன்ன பூதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அன்றைய டெலிவரி சிக்கலாகும். கடையில் அன்று இருப்பதுதான் வரும். இல்லாத பூவுக்கு வேறு பூ வைக்கலாம் என்று விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள். அதனால் தொகை, நிறம், காரணம் மூன்றையும் சொல்லி, “இன்று எது புதிதாக வந்திருக்கிறது?” என்று கேட்பதே நல்லது. சொல்லும் தொகையில் டெலிவரி கட்டணமும் வரியும் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

லில்லி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பெறுபவர் வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இதழோ மகரந்தமோ கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். மகரந்தம் துணியில் பட்டால் கறை லேசில் போகாது. பூ விரிந்ததும் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மொட்டாக வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் விரியும். அன்று மாலை விழாவுக்கே தேவை என்றால் விரிந்த பூவாகக் கேளுங்கள்.

மருத்துவமனைக்கு அனுப்புமுன் வார்டுக்குப் போன் செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பொதுவாகப் பூவை விடமாட்டார்கள். வேறு சில வார்டுகளிலும் தடை உண்டு. பெயர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், நாம் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருப்போம், வரவேற்பு மேசையில் “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். பதிவில் உள்ள முழுப் பெயர், வார்டு, படுக்கை எண் எல்லாம் கொடுங்கள். ஜாடி தேட அங்கே வழியில்லை. பாத்திரத்தோடு வரும் அலங்காரமாகச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி என்றால் வீட்டு எண்ணோடு வாசல் கதவின் குறியீட்டு எண்ணும், பெறுபவரின் கைபேசி எண்ணும் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள். திரும்பிப் போனால் மறு டெலிவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இறுதிச் சடங்குக்கு அனுப்பினால் இறந்தவரின் பெயர், இடம், சடங்கு தொடங்கும் நேரம் மூன்றும் தேவை. அறிவிப்பில் “பூ வேண்டாம்” என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாழ்த்து அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால், கடையின் பிரிண்டரில் கட்டம் கட்டமாக வரக்கூடும். தமிழ் வாக்கியத்தையே ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடலாம். உங்கள் பெயரையும் அந்தச் செய்திக்குள்ளேயே எழுதுங்கள். பணம் கட்டியவர் பெயரை அட்டையில் அவர்களாகப் போடமாட்டார்கள்.

பூ வாடியோ குறைந்தோ வந்தால், பெறுபவரை அன்றைக்கே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: முழுக் கொத்து ஒன்று, காம்பு நுனி ஒன்று, அட்டை ஒன்று. கொத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கடை மாற்றித் தருவதானால் பழையதைத் திருப்பிக் கேட்கலாம்.