குளச்சல் கடலுக்கு எந்த ரீபிரீதர்?

விட்ட மூச்சையே சுத்திகரித்து, ஆக்சிஜன் சேர்த்து மறுபடி சுவாசிக்கத் தரும் முக்குளிப்புக் கருவிதான் ரீபிரீதர். அதை வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" குளச்சல், முட்டம், விழிஞ்ஞம் பக்கம் முக்குளிப்பவர்கள் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆக்சிஜன் எங்கே நிரப்புவது? விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் எங்கே கிடைக்கும்? ஆக்சிஜனை அளக்கும் சென்சாரான செல் செத்தால் புதியது எத்தனை நாளில் கைக்கு வரும்? மெஷினை ஒருமுறைதான் வாங்குகிறோம். இந்த மூன்றுக்கும் காலமெல்லாம் செலவு உண்டு.

அதற்கும் முன்னால், இது தேவையா என்று பாருங்கள். கரையை ஒட்டிய பார்களில் (கடலடிப் பாறைத்திட்டுகளில்) 15 மீட்டரில் சுற்ற சாதாரண டேங்க் போதும். 30 மீட்டரில் நீண்ட நேரம் இருக்க வேண்டும், குமிழிச் சத்தமில்லாமல் மீனைப் படமெடுக்க வேண்டும் என்றால்தான் ரீபிரீதர் தன் விலைக்கு வேலை செய்யும். உடம்பு எரிக்கும் ஆக்சிஜன் எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர்தான். 2 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் 300 லிட்டர், கணக்குக்கு 5 மணி நேரம். மூச்சு சுற்றிவரும் பாதையான லூப்பைக் கழுவுவது, கசிவு, கையிருப்பு போக 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 150 பார் என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. நம் ஊரில் கிடைக்கும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர்களின் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். பூஸ்டர் பம்ப் இல்லாமல் அதற்கு மேல் ஏற்ற முடியாது. பெரிய சிலிண்டர் காலியாகக் காலியாக உங்களுக்குக் கிடைப்பதும் குறையும். ஆகவே 2 லிட்டருக்குப் பதில் 3 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்த இடம் தரும் மெஷினுக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுதல். வெளிநாட்டுச் சிலிண்டரோடு மெஷின் வந்தால், 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

சோடா லைமில் பலர் சறுக்குகிறார்கள். மருத்துவமனை மயக்க மருந்துக் கருவிக்கான லைம் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் எளிதில் கிடைக்கும். ஆனால் அது பருமனான குருணை, பொதுவாக 2.5 முதல் 5 மில்லிமீட்டர். முக்குளிப்புக்கு வேண்டியது 1 முதல் 2.5 மில்லிமீட்டர் ரகம். குருணை பெரிதானால் மேற்பரப்பு குறையும். கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படாமல் நழுவி உங்கள் மூச்சுக்கே திரும்பும். லைம் அடைக்கும் ஸ்க்ரப்பரின் 'இத்தனை மணி நேரம்' என்ற எண் 4 டிகிரி குளிர்நீரில், 40 மீட்டரில் செய்த சோதனையிலிருந்து வருவது. நம் கடல் வெதுவெதுப்பானது என்று அதை நீட்டிக்கொள்ளாதீர்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் அந்த லாபம் போய்விடும். அடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, பக்கத்தில் தட்டி அமர்த்துங்கள். கடைசியில் எடை போடுங்கள். வழக்கமாக 2.5 கிலோ பிடிக்கும் கேனிஸ்டரில் 2.3 தான் போனது என்றால் உள்ளே எங்கோ வெற்றிடம் இருக்கிறது, வாயு அந்த வழியே ஓடிவிடும். கொட்டிவிட்டு மறுபடி அடைக்க வேண்டியதுதான்.

இனி மெஷின் ரகம். எலெக்ட்ரானிக் ரகத்தில் சோலனாய்டு என்ற மின்வால்வு தானே ஆக்சிஜன் விடும். 1997-இல் வந்த இன்ஸ்பிரேஷன் இந்த ரகத்தைப் பரவலாக்கியது, ஜேஜே இன்னொன்று. மேனுவல் ரகத்தில் சிறு துளை வழியே ஆக்சிஜன் சீராகக் கசியும், பற்றாக்குறைக்கு நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். கனடாவில் பிறந்த கிஸ் அப்படி. ரெவோ போன்றவை இரண்டிலும் கிடைக்கும். ஆக்சிஜன் அளவு காட்டும் ஹேண்ட்செட்டை அடிக்கடி பார்க்கும் பழக்கத்தை மேனுவல் ரகம் கட்டாயமாக்கும். உப்புக்காற்றில் கெடும் மின்பாகங்களும் குறைவு. ஆனால் ஓர் ஆழத்துக்குப் பிறகு அந்தத் துளையின் ஓட்டம் குறையத் தொடங்கி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். 40 மீட்டருக்குள் இருப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை. சர்வீஸ் ஆள் பக்கத்தில் இல்லாத நம் கரைக்கு மேனுவல், அல்லது சோலனாய்டு செத்தாலும் கையால் ஓட்டக்கூடிய ஹைப்ரிட் என்பதே எங்கள் தேர்வு. கையில் கேமரா பிடித்து மெய்மறப்பவர் என்றால் எலெக்ட்ரானிக்.

எதை வாங்கினாலும் உயிர் தொங்குவது மூன்று செல்களில். ஒரே பெட்டியிலிருந்து மூன்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். சேர்ந்து கிழடாகும் இரண்டு செல், நல்ல மூன்றாவதை இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில் தோற்கடித்து மெஷினை ஏமாற்றும். சோதனை இப்படி: காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டும் செல், சுத்த ஆக்சிஜனில் 47-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 42 தான் என்றால் தூக்கி எறியுங்கள். அதில் தேறினாலும் 6 மீட்டரில் லூப்பை ஆக்சிஜனால் கழுவிப் பாருங்கள், செல் காட்டும் ஆக்சிஜன் பகுதி அழுத்தம் 1.6 பாரை நெருங்க வேண்டும். 1.2-இல் முட்டி நின்றால், மெஷின் பிடித்து வைக்க வேண்டிய அளவான செட்பாயிண்ட் 1.3-ஐ அது ஒருநாளும் தொடாது. மெஷின் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் வலிப்பில் போவீர்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைத்தால் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும்.

பாறைத்திட்டில் ஒரே மூச்சில் இறங்கிச் சிப்பி பெயர்த்து வருபவருக்கு மூச்சு முட்டுவதுதான் எச்சரிக்கை. ரீபிரீதரில் ஆக்சிஜன் குறைந்தால் அது வராது. முட்டவைப்பது கார்பன் டை ஆக்சைடு, அதைத்தான் லைம் உறிஞ்சிவிடுகிறதே. ஆக்சிஜன் வால்வைத் திறக்க மறந்தவர் எந்தச் சங்கடமும் தெரியாமல் படகோரத்திலேயே மயங்கிவிடுவார். ஆகவே முகத்துக்கு நேரே மினுக்கும் எச்சரிக்கை விளக்கு இல்லாத மாடல் வேண்டாம். வாயைவிட்டு எடுக்காமலே பெயில்அவுட்டுக்கு (அவசர மூச்சுச் சிலிண்டருக்கு) மாறும் வாய்க்குழல் இருந்தால் இன்னும் நல்லது.

மெஷினிலேயே உள்ள 3 லிட்டர் டைலுவெண்ட் (லூப்பில் ஆக்சிஜனோடு கலக்கும் காற்று) சிலிண்டரைப் பெயில்அவுட் என்று விற்பவர் சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 30 மீட்டரில் 4 பார் அழுத்தம். மூச்சு இரைக்கும்போது நிமிடத்துக்கு 40 லிட்டர், நிதானிக்க 2 நிமிடம்: 320 லிட்டர். மேலே வர மூன்றரை நிமிடம், சராசரி 2.5 பாரில் 30 லிட்டர் வீதம்: சுமார் 260. 5 மீட்டரில் 1.5 பார், 3 நிமிட நிறுத்தத்துக்கு 25 லிட்டர் வீதம்: சுமார் 110. மொத்தம் 690. அந்தச் சிலிண்டர் 200 பாரில் நிறைந்திருந்தாலும் 600 தான். தனியாக 7 லிட்டர் சிலிண்டர் பக்கவாட்டில் தொங்க வேண்டும்.

பயிற்சிச் சான்றிதழ் மெஷினுக்கு மெஷின் தனி. ஆகவே பயிற்றுநர் யாரும் கிடைக்காத மாடலைச் சலுகை விலைக்கு வாங்கியும் பயனில்லை. ஏர் டைலுவெண்ட் பயிற்சி 40 மீட்டர் வரைக்கும் போதும். அதற்குக் கீழே ஹீலியம் கலந்த வாயு வேண்டும், அதன் விலை தெரிந்தால் போகும் ஆசை தானே அடங்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை மாட்டிக் குளத்தில் படுத்துப் பாருங்கள். மூச்சு போய்வரும் காற்றுப்பை முதுகுப்பக்கம் இருந்தால் கிடைமட்டத்தில் உள்ளிழுக்கக் கடினம், நெஞ்சுப்பக்கம் இருப்பது வெளிவிடக் கடினம். பிறகு மெஷினை முழுக்கத் தயார் செய்து, 30 கிலோவை ஒட்டிய அந்தச் சுமையோடு ஒரு ஃபைபர் வள்ளத்துக்குப் பக்கத்தில் மிதந்து பாருங்கள். ஏணி இல்லாத வள்ளத்தில் அதோடு ஏற முடியாது. லூப்பை மூடி, தண்ணீரிலேயே கழற்றி, மேலே உள்ளவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத் தோதான பிடியும், ஒரே கையால் அவிழும் பக்கிளும் இல்லாத மாடலைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.