ஒரு பாவத்தை விட்டுத் திரும்புவது எப்படி

"ஆண்டவரே, என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாக ஜெபித்து முடிப்பவருக்கு நாளைக்கு எதை மாற்றுவது என்று தெரியாது. ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். யாரிடம், எப்போது, என்ன செய்தேன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "எனக்குக் கோபம் அதிகம்" என்பது சுபாவத்தைப் பற்றிய குறிப்பு. "நேற்று இரவு பிள்ளைகள் முன்னால் மனைவியை மட்டம் தட்டிப் பேசினேன்" என்பதுதான் பாவ அறிக்கை.

எழுதிய வாக்கியத்தில் "ஆனால்", "அவர்களால்தான்" போன்றவை இருந்தால் அடித்துவிடுங்கள். இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலும் தாவீதும் "பாவஞ்செய்தேன்" என்றே சொன்னார்கள். சவுல் ஜனங்களுக்குப் பயந்ததாகக் காரணம் சொன்னான். மூப்பர்கள் முன்னால் தன்னைக் கனம்பண்ணும்படியும் கேட்டான் (1 சாமுவேல் 15). தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது சாக்கு எதுவும் சொல்லவில்லை.

அடுத்து, மன்னிப்பை அன்றைக்கே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வெட்கத்தில் நாலு நாள் ஜெபத்தைத் தள்ளிப்போடுவார்கள். உபவாசமிருந்து, காணிக்கை கூட்டிப் போட்டு, "இப்போது தகுதி வந்துவிட்டது" என்று தோன்றிய பிறகே வேதத்தைத் திறப்பார்கள். அது கிருபைக்கு, அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவுக்கு, விலை கொடுக்கும் முயற்சி. வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள்: "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்வது லூக்கா 19:5, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது 8ஆம் வசனம். கிருபை முந்திக்கொண்டது, கீழ்ப்படிதல் பின்னால் வந்தது.

பின்னால் வந்தாலும் வரத்தான் வேண்டும். பணமோ பொருளோ எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது: நூறு எடுத்தவர் நூற்றிருபது கொடுக்க வேண்டும். இது பழைய ஏற்பாட்டுச் சட்டம்தான். ஆனாலும் மற்றவருக்கு வந்த இழப்பை நம் வசதிக்குக் குறைத்து மதிப்பிடாதபடி நல்ல அளவுகோலாக உதவும். ஒரே தடவையில் முடியாதென்றால் தவணைத் தேதியை நீங்களே முதலில் சொல்லுங்கள். பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், அதைக் கேட்டவர்களிடமே போய்த் திருத்த வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் தனியாக வருத்தம் தெரிவித்தால், பொய் ஊரில் அப்படியே உலவும்.

மன்னிப்புக் கேட்கும்போது "மனசு புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், தவறு என்று சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். "கிறிஸ்தவர்தானே, மன்னித்தாக வேண்டும்" என்று நெருக்குவது இரண்டாவது குற்றம். மனதுக்குள் மட்டும் இருந்த பொறாமையையும் இச்சையையும் சம்பந்தப்பட்டவரிடம் போய்க் கொட்ட வேண்டாம். அது தேவனிடமும் நம்பிக்கையான ஒரு மூத்த விசுவாசியிடமும் சொல்ல வேண்டியது. அடி, பாலியல் கொடுமை போன்ற குற்றமென்றால் ஜெப அறையோடு முடிக்க முடியாது. சட்டத்துக்கு முன் உண்மையைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்காமல் அவர் எதிரே போய் நிற்கவும் கூடாது.

விட்ட இடத்தைக் காலியாக விடாதீர்கள். எபேசியர் 4:28 திருடனுக்கு மூன்று வேலை கொடுக்கிறது: திருடாதே, கையால் உழை, இல்லாதவனுக்குக் கொடு. இதே முறையில், மட்டம் தட்டிப் பேசியவர் பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கட்டும். மனைவி செய்த ஒரு நல்ல காரியத்தை அவர்கள் காதுபடச் சொல்லட்டும். எந்த நேரத்தில் வாய் தவறுகிறது என்றும் கவனிக்க வேண்டும். களைத்து வீடு திரும்பிய அரைமணி நேரம்தான் ஆபத்து என்றால், கணக்கு வழக்குப் பேச்சை அந்த நேரத்தில் எடுக்காதிருப்பதும் கீழ்ப்படிதலே.

மறுபடி விழுந்தால்? "கிருபை இருக்கிறதே" என்று திட்டமிட்டே செய்வதற்கு ரோமர் 6:1-2 இடம் கொடுக்கவில்லை. போராடி விழுந்தவர் அன்றைக்கே அதே வாக்கியத்தைத் திரும்ப எழுதி, முதலிலிருந்து தொடங்கலாம். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தனியாகப் போராடியது போதும். யாக்கோபு 5:16 சொல்வதுபோல் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, வாரம் ஒருமுறை உங்களைக் கேள்வி கேட்க அவருக்கு உரிமை கொடுங்கள்.