தீவன ரேப்சீட்ல மியூட்டேஷன் ப்ரீடிங்: டோஸுக்கு முன்னாடி சலிக்கிற வழிய யோசிங்க

மியூட்டேஷன் ப்ரீடிங், அதாவது விதைக்கு கதிரோ ரசாயனமோ குடுத்து ஜீன்ல மாத்தம் வரவச்சு நல்ல செடிய தேர்ந்தெடுக்கறது, இதுன்னு ஆரம்பிச்சாலே எல்லாரும் கேக்கறது எவ்ளோ டோஸ் குடுக்கணும்னுதான். அது ரெண்டாவது கேள்விங்க. ஆயிரக்கணக்கான செடில நமக்கு வேணுங்கற அந்த ஒத்தச் செடிய எப்படி கண்டுபிடிக்கப் போறோம், இதுதான் முதல் கேள்வி. அதுக்கு சுலபமா ஒரு வழி கையில இல்லேன்னா விதைய ஊறப்போடவே வேணாம்.

நியூசிலாந்த எடுத்துக்கோங்க. அங்க தீவன ரேப்சீட்ட (கடுகுக் குடும்பத்துப் பயிர், இலைக்கும் தண்டுக்குமா வளக்கறது) வசந்தத்துல விதைச்சு, ரெண்டரை மூணு மாசத்துல செம்மறிக் குட்டிகள நேரா வயலுக்குள்ளயே மேய விட்டுடுவாங்க. தலவலி என்னன்னா களை. காட்டு டர்னிப், காட்டு முள்ளங்கி எல்லாமே இதே கடுகுக் குடும்பம்கிறதால களைய கொல்ற மருந்து பயிரையும் சேத்து முடிச்சுடும். அதனாலதான் மியூட்டேஷன் வழியா குளோர்சல்ஃபியூரான்ங்கற களைக்கொல்லிய தாங்கற தீவன ரகங்கள கொண்டு வந்தாங்க, கிளீன்கிராப்ங்கற பேர்ல விக்குது, வெளி ஜீன் எதுவும் செருகல. இது ஏன் புத்திசாலித்தனமான டார்கெட்னா, மருந்து அடிச்சா தாங்காதது செத்துடும் தாங்கறது நிக்கும், சலிக்கிற வேலைய ஸ்ப்ரேயரே பாத்துக்குது.

இன்னொரு காரணமும் இருக்கு. ரேப்சீட்ல 38 குரோமோசோம், 20 டர்னிப் வழி, 18 முட்டைக்கோஸ் வழி. அதனால முக்காவாசி ஜீனுக்கு ஜோடி இருக்கும், ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும், செடிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா இந்த மருந்து போய் ஒட்டற ஏஎல்எஸ்ங்கற என்சைம்ல (செடிக்கு அமினோ அமிலம் செஞ்சு குடுக்கற புரதம்) 197வது இடத்துல இருக்கற புரோலின்ங்கற அமினோ அமிலம் மாறிட்டா மருந்து ஒட்டாது, ஒரு காப்பி மாறினாலே ஓரளவு தாங்கும். அதனால எம்2லயே கண்ணுக்கு மாட்டும் (டோஸ் குடுத்த விதைல வளர்ற செடி எம்1, அதோட விதைல வர்றது எம்2, அதுக்கடுத்த தலைமுறை எம்3).

இப்ப டோஸ். காமா கதிரும் குடுக்கலாம், நம்ம கோ 31 தீவனச் சோளம் அப்படி வந்ததுதான். ஆனா டிஎன்ஏல ஒத்த எழுத்து மாறினா போதும்ங்கற இந்த மாதிரி வேலைக்கு இஎம்எஸ்ங்கற ரசாயனம்தான் (எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட்) என் சாய்ஸ். விதைய சில மணி நேரம் வெறும் தண்ணில ஊறவச்சுட்டு 0.3, 0.6, 0.9, 1.2 சதவீதம்னு சின்னச் சின்ன பேட்ச் போட்டுப் பாருங்க, நாத்து வளர்ச்சி பாதியா குறையற டோஸ் எதுவோ அதுக்குப் பக்கத்துல நில்லுங்க. வேற ரகத்துக்கு எழுதின டோஸ அப்படியே காப்பி அடிக்காதீங்க. இஎம்எஸ் கேன்சர் வரவைக்கிற சாமான், ஃப்யூம் ஹுட்டுக்குள்ள கிளவுஸ் போட்டுத்தான் தொடணும், மிச்சத்த சோடியம் தயோசல்ஃபேட்ல செயலிழக்க வச்சு, லேப் விதிப்படிதான் கழிவ அனுப்பணும். வீட்டுல பண்ற வேலை இல்ல இது, லேப் இல்லேன்னா விட்டுடுங்க.

எம்1 செடி பாக்க நோஞ்சானா இருக்கும், பயப்படாதீங்க. அதுல ஒவ்வொரு கிளையும் வேற வேற செல்லுல இருந்து வந்திருக்கலாம், அதனால ஒரே கிளைல விதை எடுக்காம ரெண்டு மூணு கிளைல எடுங்க. பூக்கும்போது கண்டிப்பா பை கட்டணும், ஏன்னா தன் மகரந்தத்துலயே காய்க்கற பயிர்தான்னாலும் சுமார் மூணுல ஒரு பங்கு வெளிய இருந்து வந்து கலந்துடும், பக்கத்துல எவனாவது கனோலா (எண்ணெய் எடுக்கற ரேப்சீட்) போட்டிருந்தா அவ்ளோதான். குளிர்கால ரகமா இருந்தா நாத்த 4, 5 டிகிரில எட்டு வாரம் வைக்காம பூவே வராது, இந்த டைம பிளான்ல சேத்துக்கோங்க.

எம்2தான் மெயின் வேலை. ஆயிரங்கள்ல போதாது, பத்தாயிரக்கணக்குல விதைங்க. சாதா பயிர ஒழுங்கா கொல்ற அளவு மருந்து அடிங்க, பக்கத்துலயே டோஸ் குடுக்காத தாய் ரகத்தையும் ஒரு பாத்தி போடுங்க, அது முழுசா சாகலேன்னா அன்னிக்கு அடிச்ச அடி செல்லாது. மூணு வாரம் கழிச்சு நடுக்குருத்து பச்சையா புது இலை விடறத மட்டும் எடுங்க. ஸ்ப்ரே படாத ஓரத்துல தப்பிச்சது நிறைய இருக்கும், அதையெல்லாம் எம்3ல வரிசை வரிசையா விதைச்சு மறுபடி அடிச்சா கழண்டுடும். எம்2 செடில ஒரு காப்பி மட்டும் மாறியிருந்தா எம்3ல மூணு தாங்கும் ஒண்ணு சாகும், முழு வரிசையும் நின்னா அது நிலைச்ச லைன்.

அப்புறம் தாய் ரகத்தோட ரெண்டு மூணு தடவ பேக்கிராஸ் பண்ணுங்க, அதாவது திருப்பித் திருப்பி அதோடயே கலப்பு செய்யுங்க, ஏன்னா இஎம்எஸ் நமக்கு வேணாத நூறு எடத்துலயும் கை வச்சிருக்கும்.

தீவனம்கிறதால இன்னும் ஒரு கட்டம் பாக்கி. எண்ணெய் ரகத்துக்கு விதைய டெஸ்ட் பண்ணா போதும், இங்க இலையும் தண்டும்தான் சரக்கு. கடுகுக் காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட், நைட்ரேட், மாட்டுக்கு ரத்தசோகை வரவைக்கிற எஸ்எம்சிஓ மூணையும் தாய் ரகத்தோட ஒப்பிட்டு அளந்து பாருங்க. மேய விட்டு டெஸ்ட் பண்ணும்போது அவசரப்படாதீங்க, இலை ஓரம் ஊதா சாயல் ஏறி முத்தறதுக்கு முன்னாடி விட்டா குட்டிங்களுக்கு வெயில் பட்டு காதும் மூஞ்சியும் வீங்கிடும், அப்புறம் அது புது லைனோட குறையா இளசு இலையோட குறையான்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது.

ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி காட்டு டர்னிப் விஷயத்த மறக்காதீங்க, ரேப்சீட் அதோட சுலபமா கலக்கும், தாங்கற ஜீன் களைக்கே போயிடும். வயல்ல பூக்க விடாம மேய்ச்சு முடிக்கணும், தானா முளைக்கறத வேற வகை மருந்தாலதான் அழிக்கணும், குளோர்சல்ஃபியூரான் மண்ணுலயும் ரொம்ப நாள் தங்கும், அதனால அடுத்து என்ன பயிர் போடலாம்ங்கறதையும் விதைப் பையிலயே எழுதிடுங்க.