கொலைகாரனே கதை சொன்னால்: 'நான்' என்று தன்மையில் ஒரு தொடர்கொலை நாவல் எழுதும் முறை

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உண்மையில் நடந்தது: நாள், நேரம், இடம், கொலைகாரன் யார் கண்ணில் பட்டான். வலப்பக்கம் அவன் நம்மிடம் சொல்லப்போவது. 60,000 சொல் நாவலுக்கு மூன்று பெரிய பொய் போதும். ஒவ்வொரு பொய்யும் எந்த அத்தியாயத்தில் உடைகிறது என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். வரிக்கு வரி பொய் சொன்னால் வாசகர் அவனை நம்புவதையே விட்டுவிடுவார், பிறகு ஏமாற்ற ஆளிருக்காது.

கொலைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். வெவ்வேறு சமயத்தில் இரண்டு பேரைக் கொன்றாலே தொடர் கொலையாளி என்பது 2005-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்திய கருத்தரங்கு ஏற்ற வரையறை. மூன்று கொலை, அதில் ஒன்று மட்டும் முழுக் காட்சி. மற்றவற்றுக்குக் கொலைக்கு முன்னும் பின்னும் நடந்தது போதும்.

யாரிடம் சொல்கிறான் என்பதை அடுத்து முடிவு செய்யுங்கள். டைரியில் மறைப்பது வேறு, வக்கீலிடம் மறைப்பது வேறு. இன்ஸ்பெக்டரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலமாக அமைத்தால் சட்டம் குறுக்கே வரும். போலீசிடம் ஒப்புக்கொண்டதை இந்திய நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. காவலில் அவன் சொன்னதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். கொலை 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் இ.பி.கோ. 302, அன்றிலிருந்து என்றால் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103.

குரல் பிறப்பது வினைமுற்றில். 'கொன்றேன்' என்ற சொல்லின் 'ஏன்' விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தானாக நடந்ததுபோல் காட்டும் தன்வினைக்குள் அவன் ஒளிந்துகொள்வான்: "விளக்கு அணைந்தது", "சத்தம் நின்றது". அணைத்தேன், நிறுத்தினேன் என்பதெல்லாம் நாவலின் முக்கால் பகுதி வரை வரவே கூடாது. சமையலிலும் பஸ்ஸிலும் மட்டும் 'ஏன்' தாராளமாக வரட்டும்: வெங்காயம் நறுக்கினேன், சில்லறை கேட்டேன். அங்கே வந்து பழகினால்தான், வராத இடம் உறுத்தும்.

கொல்லப்படப்போகிறவளைக் குறிக்கும் மரியாதைச் சொல்லையும் இப்படியே இறக்குங்கள். அறிமுகத்தில் 'அவர்'. பின்தொடரத் தொடங்கியதும் 'அவள்'. ஒரே ஓர் இடத்தில் 'அது'. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு விழும் அந்தச் சொல் இரண்டு பக்க ரத்தத்தைவிடக் கொடியது. ஆனால் பேச்சுத்தமிழில் சின்னப் பெண்களையும் குழந்தைகளையும் பாசமாகவே 'அது' என்பவர்கள் உண்டு. கதைசொல்லி அப்படிப் பேசுகிறவன் என்றால் இந்த வழி பலிக்காது. அவனுக்கு 'நாம்' இருக்கிறது. 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்தும்; "நாம் இப்போது மாடிப்படி ஏறுகிறோம்" என்றால் வாசகரும் உடந்தை.

கனடாச் சிறைகளில் இருந்த 52 கொலையாளிகள் தங்கள் குற்றத்தை விவரித்த விதம் பற்றிய ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் சைக்கோபாத் (இரக்கமும் குற்ற உணர்வும் அற்ற ஆளுமை) என்று வகைப்படுத்தப்பட்ட 14 பேரின் பேச்சில் காரணம் காட்டும் இணைப்புச் சொற்கள் கூடுதல். சாப்பாடும் பணமும் கூடுதல். குடும்பமும் மதமும் குறைவு. ஆகவே கொலை நடந்த அன்று அவன் தின்ற பரோட்டாவின் விலை நினைவிருக்கட்டும். 'அதனால்', 'ஆகவே' நிறைய வரட்டும். கத்தல், தத்துவம், கடவுளுக்குச் சவால் எல்லாவற்றையும் வெட்டுங்கள்; அவை சினிமா வில்லனுடையவை.

இந்த வகை நாவல் நடுவில்தான் தொய்யும். போலீசுக்கு என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, அதனால் புதுத் தகவல் நின்றுபோகிறது. டீக்கடைப் பேச்சு, நாளிதழின் நான்கு வரிச் செய்தி, பக்கத்து வீட்டு விசாரணை வழியாகச் செய்தி கசியட்டும். தாமதமாக வரட்டும். அதில் ஒன்றை அவன் தப்பாகப் புரிந்துகொண்டு அவசரப்படட்டும். பிடிபடும் பாதை அங்கே தொடங்கும்.

செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் தனியாக எழுதி வையுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள். யாருக்குக் கடன் பாக்கி, மறுநாள் யாருக்குப் போன் செய்வதாகச் சொன்னார், யார் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தார். அந்தப் பக்கம் நாவலில் வராது. அதிலிருந்து ஒரு பொருள் மட்டும், உதாரணமாக ரவிக்கை தைக்கக் கொடுத்த தையல் கடை ரசீது, அவன் கண்ணில் படும். தேதியைப் படிப்பான், தொகையைப் படிப்பான், கீழே போட்டுவிட்டு நடப்பான். திருத்தும்போது அந்த ரசீதுக்கு விளக்கமாக நீங்கள் ஒரு வரி எழுதியிருப்பது தெரிந்தால், அதை அடித்துவிடுங்கள்.