ஃபிரீஃபிளை பழக எதை அணிவது? தொடக்கநிலையினருக்கான செய்முறை

விமானத்திலிருந்து பாரசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில் முதல் உரிமமான ஏ லைசென்ஸ் கையில் வந்ததும் பலருக்கும் வரும் அடுத்த ஆசை ஃபிரீஃபிளை, அதாவது உட்கார்ந்தும் தலைகீழாகவும் விழும் முறை. பெல்லியில், அதாவது வயிறு கீழே பார்க்க, விழும்போது வேகம் மணிக்கு சுமார் 190 கி.மீ. உட்கார்ந்த நிலைக்கு (சிட்) மாறினால் 240-ஐத் தாண்டும், தலைகீழாக விழும் ஹெட்-டவுனில் 280 கூடப் போகும். வேகத்தோடு காற்று வரும் பக்கமும் மாறுகிறது. இதுவரை நெஞ்சில் மோதிய காற்று, சிட்டில் பாதத்திலிருந்து தலையை நோக்கி ஏறும். சட்டையின் கீழ் விளிம்பு, பேன்ட்டின் கால் முனை என்று திறந்த இடமெல்லாம் உள்ளே புகும். பெல்லிக்குச் சரியாக இருந்த உடை இங்கே தொல்லை தருவது இதனால்தான். புட்டியும் (பாதத்தை மூடும் துணி உறை) கிரிப்பரும் (பிறர் பிடிக்கும் திண்டு) வைத்த, பெல்லியில் குழுவாகக் குதிக்கும் ஃபார்மேஷன் சூட்டை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். சிட்டில் புட்டி காற்றைப் பிடித்துக் காலை மேலே தூக்கிவிடும்.

முதலில் கைப்பிடிகள்

நிறம், பிராண்ட், விலை எல்லாம் பிறகு. எந்த நிலையில் புரண்டாலும் உடை நகர்ந்து கைப்பிடிகளை மறைக்கக்கூடாது. பொதுவான ரிக்கில் (முதுகில் மாட்டும் பாரசூட் தொகுதி) வலது மார்பில் கோளாறான பாரசூட்டைக் கழற்றிவிடும் கட்அவே, இடது மார்பில் மாற்றுப் பாரசூட்டைத் திறக்கும் ரிசர்வ், பாரசூட் அடங்கிய பையான கன்டெய்னரின் அடியில் வலப்பக்கம் பைலட் சூட் (முதன்மைப் பாரசூட்டை இழுத்துத் திறக்கும் சிறு பாரசூட்) கைப்பிடி. செருகாமல் விட்ட டி-ஷர்ட் முன்பக்கம் உப்பி முதல் இரண்டையும் மூடும். முதுகுப்பக்கம் கன்டெய்னருக்குக் கீழே தொங்கும் துணியோ மூன்றாவதைச் சுற்றிக்கொள்ளும். இழுக்கும் நேரத்தில் கையில் சிக்குவது துணியாக இருந்தால், தேடும் ஒவ்வொரு நொடியிலும் 60 மீட்டருக்கு மேல் உயரம் போய்விடும்.

தரையிலேயே சோதித்துவிடலாம். உடைமேல் ரிக்கைப் போட்டு எல்லாப் பட்டிகளையும் இறுக்குங்கள். நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடித்து, கைகளைத் தோள் உயரத்துக்கு விரியுங்கள். கூட இருப்பவர் வயிற்றுப் பக்கத் துணியைப் பிடித்துத் தாடையை நோக்கி இழுக்கட்டும், பின்பக்கமும் அப்படியே. கைப்பிடியில் பாதி மறைந்தாலும் அந்த உடை வேண்டாம். அடுத்து குனிந்து தலையைத் தொங்கவிட்டு, துணியைக் கால் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கண்ணை மூடி மூன்று கைப்பிடிகளையும் தொடுங்கள். தடவித் தேட வேண்டியிருந்தால் அந்த உடை தேறவில்லை.

மேல், கீழ் என்று தனித்தனியாக அணிபவர்கள் மேல்சட்டையை ஆழமாகச் செருகி, பேன்ட்டை உள்நாடாவால் இறுக்க வேண்டும். பழகும் காலத்தில் ஒரே துண்டாக வரும் ஜம்ப்சூட்டே நல்லது. அவிழ்ந்து வெளியே வர அதில் எதுவும் இல்லை.

தளர்வு எங்கே, எவ்வளவு

இறகுப்பந்தில் கனம் கீழே, இறகு மேலே. அதனால்தான் புரளாமல் விழுகிறது. உடலுக்கும் இதே கணக்குதான். சிட்டில் தோளும் கையும் மேலே இருப்பதால் அங்கே கொஞ்சம் தளர்வு இருந்தால் நிலை நிற்கும். ஹெட்-டவுனில் கால் மேலே போவதால் கால் பக்கத் தளர்வு உதவும். நீங்கள் தொடங்கப்போவது சிட்டில் என்றால் தொளதொள கார்கோ பேன்ட் வேண்டாம். கணுக்காலில் காற்று ஏறிக் காலை உதைத்துவிடும், முதுகில் போய் விழுவீர்கள். இன்னும் மோசமானது, நிலை குலைந்து சட்டென்று பெல்லிக்கு வந்துவிடுவது. இதைத்தான் 'கார்க்' என்கிறார்கள். உங்கள் வேகம் நொடியில் குறையும். மேலே இருப்பவர் அதே வேகத்தில் உங்கள் மேல் வந்து மோதுவார்.

தொடையில் துணியைக் கிள்ளினால் இரண்டு மூன்று விரல் அளவு வந்தால் போதும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டியோ இலாஸ்டிக்கோ வைத்து மூடியிருக்க வேண்டும். உடல்கனம் கூடியவர்கள் சற்றுத் தளர்வாகவும் ஒல்லியானவர்கள் சற்று ஒட்டியும் எடுத்தால், சேர்ந்து குதிக்கும்போது வேகம் ஒத்துவரும். அனுபவசாலிகள் போடும் உடலோடு ஒட்டிய சூட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் சிறு அசைவுக்கும் உடல் வழுக்கிப் போகும்; பழகுபவருக்குப் பிடிமானம் கிடைக்காது.

துணியைப் பொறுத்தவரை பாலி-காட்டன் கலவை நடுத்தரம், பழக ஏற்றது. வழுவழுப்பான நைலான் வேகத்தைக் கூட்டும், அதோடு கால்பட்டிகளும் அதன்மேல் நழுவும். அளவெடுத்துத் தைக்கச் சொன்னால் வேறொருவர் டேப் பிடிக்கட்டும். நீங்களே குனிந்து எடுக்கும் அளவு தவறாகத்தான் வரும். அதற்கு முன் டிராப் ஸோனில் (குதித்து இறங்கும் மையம்) இரவல் வாங்கி இரண்டு மூன்று அளவுகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளிர்

ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அரிசோனாவின் ஈலாய் போன்ற பாலைவன ஊரிலும் ஜனவரியில் தரையில் 20 டிகிரி என்றால், 4 கி.மீ. உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழேதான். உள்ளே ஒட்டிய தெர்மல் போடுங்கள், மேலே ஜாக்கெட் வேண்டாம். ஹூடி கூடவே கூடாது: தொப்பி காற்றைப் பிடிக்கும், கயிறு முகத்தில் அடிக்கும். கையுறை மெல்லியதாக இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டே கைப்பிடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

காலிலிருந்து தலைவரை

ஷூவில் லேஸ் மாட்டும் உலோகக் கொக்கிகள் இருக்கக்கூடாது, பாரசூட்டின் கயிறு அதில் மாட்டும். லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள். பாக்கெட்டுக்கு ஜிப் கட்டாயம். போனையும் சாவியையும் கீழேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. கழண்டு விழும் எதுவும் கீழே இருப்பவருக்குக் குண்டுதான்.

கடினமான ஹெல்மெட் வேண்டும், அதற்குள் உயரத்தை ஒலியால் சொல்லும் ஆல்டிமீட்டர் வேண்டும். 4 கி.மீ.யிலிருந்து குதிக்கும்போது பெல்லியில் கிடைப்பதைவிட சுமார் 10 நொடி குறைவாகத்தான் கிடைக்கும். கை நிலை மாறுவதால் மணிக்கட்டைப் பார்ப்பதும் எளிதல்ல.

ரிக்கைப் பற்றி ஒன்று: இரண்டு கால்பட்டிகளையும் பின்னால் இணைக்கும் எலாஸ்டிக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிட்டில் பட்டி முழங்காலை நோக்கி நகரும். பைலட் சூட் பை தளர்ந்திருந்தால் ரிக்கரிடம் (ரிக்கைப் பராமரிக்கும் வல்லுநர்) காட்டாமல் குதிக்காதீர்கள். 240 கி.மீ. வேகத்தில் பாரசூட் தானாகத் திறந்தால் உடலும் துணியும் தாங்காமல் போகலாம்.

புது உடையில் முதல் குதி

தனியாகவோ பயிற்சியாளரோடோ மட்டும். முதல் 10 நொடி பெல்லியிலேயே இருந்து மூன்று கைப்பிடிகளையும் தொட்டுப் பாருங்கள், பிறகே சிட். விமானம் பறக்கும் கோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி இருங்கள். பழகுபவர் தன்னை அறியாமல் முன்னாலோ பின்னாலோ நழுவுவார். கோட்டோடு நழுவினால் அடுத்த குழுவின் கீழே போய் நிற்பார். திறக்கும் உயரத்துக்குச் சில நொடி முன்பே பெல்லிக்கு வந்து வேகத்தைக் குறைத்த பிறகே இழுங்கள். இறங்கியதும், ரிக்கைக் கழற்றும் முன், துணி எங்கெல்லாம் மேலேறி மடிந்திருக்கிறது என்று பாருங்கள். தைத்துச் சரிசெய்ய வேண்டிய இடம் அங்கேயே தெரியும்.