ஸ்கோன் மாவைப் பிசையாதீர்கள்

போன சனிக்கிழமை, இங்கிலாந்தின் எக்ஸிடரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், இங்கே புதிதாகப் படிக்க வந்திருக்கும் ஒரு பெண் ஸ்கோன் செய்தாள். தேநீரோடு, பிட்டு ஜாமும் கிரீமும் வைத்துச் சாப்பிடும் சின்ன வட்டப் பண்டம் அது. மாவை உள்ளங்கையால் அழுத்தி, மடக்கி, மறுபடி அழுத்தி, மழமழவென்று உருட்டிவைத்துவிட்டு, "பதம் வந்துடுச்சுக்கா" என்றாள். பல வருஷங்களுக்கு முன்னால் நானும் இதே மேடையில் இதையேதான் செய்தேன். சர்க்கரை போட மறப்பது, ஓவனைச் சூடாக்க மறப்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் திருந்திவிடும். இது அப்படித் திருந்துகிற தவறு இல்லை.

சப்பாத்திக் கை

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது, நம் சமையல் குறிப்புகளில் ஸ்கோனுக்கும் "மாவைப் பிசையவும்" என்றே எழுதிவிடுவதைப் பார்த்தால்தான். பிசை என்றால் நம் கை என்ன செய்யும்? சப்பாத்திக்குச் செய்வதைத்தான் செய்யும். தண்ணீரோ பாலோ பட்ட கோதுமை மாவைப் பிசையப் பிசைய, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ரப்பர் மாதிரி இழுவை கொள்ளும். சப்பாத்திக்கு அது வேண்டும். ஸ்கோனோ பேக்கிங் பவுடரின் பலத்தில் மட்டும் எழும்ப வேண்டிய பண்டம். இழுவை ஏறிய மாவு அதை எழும்பவே விடாது.

என் முதல் ஈடு மேலே நல்ல பொன்னிறமாகத்தான் வந்தது. பிட்டால் பன் மாதிரி இழுத்தது. தேநீருக்குக் கூப்பிட்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா ஒன்றைச் சாப்பிட்டு முடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்து காட்டினார். செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மாவு) 225 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 55 கிராம். உள்ளங்கை மாவில் படவே இல்லை. விரல் நுனியால் அள்ளி, கட்டைவிரலால் தேய்த்து, உயரத்திலிருந்து உதிர்த்தார். அட, புட்டுக்குப் பிசிறுவதுதானே இது!

ரொட்டித்தூள் மாதிரி ஆனதும் சர்க்கரை 25 கிராம், குளிர்ந்த பால் 150 மில்லி. பாலை மட்டும் மொத்தமாகக் கொட்டாமல், மாவு சேருகிற அளவுக்கு விட்டார். ஒரு மேசைக்கத்தியால் நாலு சுற்றுக் கிளறி, திட்டுத்திட்டாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டார். நம் கண்ணுக்கு அது அரைகுறை வேலை. லேசாக ஒட்டும், மேலே சொரசொரப்பாக இருக்கும். அந்த இடத்தில்தான் எல்லோரும் "இன்னும் கொஞ்சம் மாவு போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். போடாதீர்கள். லேசாக மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, இரண்டு மூன்று தடவை மடித்துத் தட்டினால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், மாவை மூடி ஊறவைப்பது. ஈரம் பட்ட உடனே பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பித்துவிடும். ஊறவைத்தால் அதன் பலத்தில் கொஞ்சம் கிண்ணத்திலேயே போய்விடும்.

சென்னை வெயிலில் செய்பவர்கள் வெண்ணெயை ஃப்ரீசரில் வைத்துத் துருவிக்கொள்ளுங்கள். செல்ஃப் ரைசிங் மாவு கிடைக்காவிட்டால் 225 கிராம் மைதாவுக்கு 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு.

மெல்லிசாகத் தேய்ப்பது

இரண்டரை சென்டிமீட்டர் கனம். குழவி வேண்டாம், கையால் தட்டுங்கள்.

வெட்டும்போது திருகுவது

வட்ட அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் ஓரம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். மேலே தடவும் முட்டை பக்கவாட்டில் வழிந்தாலும் இதே கதிதான்.

அடக்கமான சூடு

220 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். 180-இல் வைத்தால் எழும்புவதற்குள் காய்ந்துவிடும்.

கிரீமா, ஜாமா?

இங்கே டெவனில் கிரீம் முதலில், பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம் முதலில். இரண்டும் சரி. கத்தி மட்டும் வேண்டாம், ஸ்கோனின் இடுப்பில் ஓடும் வெடிப்பில் விரல் வைத்துப் பிரியுங்கள். அப்புறம், சூடு கொஞ்சம் தணியட்டும். அடுப்பிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் கிளாட்டட் கிரீம் என்ற இந்தக் கெட்டியான பாலாடை உருகித் தட்டில் ஓடும்.